நெல்லையிலிருந்து சென்னைக்குப் போன பூனை எச்சில்: ஒரு பி.சி.ஆர். அனுபவம்

எங்கள் தெருவில் பூனையின் தும்மலுக்கு பி.சி.ஆர். (கிருமியின் மரபணுவைச் சுற்றுச் சுற்றாகப் பெருக்கித் தேடுகிற சோதனை) எடுத்துப் பார்த்த ஆள் நான் ஒருவன்தான். மருந்து, டாக்டர் ஃபீஸ் எல்லாம் சேர்க்காமல் சோதனைக்கு மட்டும் 5,600 ரூபாய் ஆயிற்று. பிரயோஜனமா என்று கேட்டால், ஆமாம், ஆனால் எதற்காகக் கொடுத்தேனோ அதற்குப் பிரயோஜனப்படவில்லை, நினைத்தே பார்க்காத வேறு விஷயங்களுக்குப் பிரயோஜனப்பட்டது. பாளையங்கோட்டைப் பக்கம் யாராவது இதே யோசனையில் இருந்தால் உதவட்டும் என்று எழுதுகிறேன். கிளினிக் பெயரும் லேப் பெயரும் போடவில்லை. ஒரு தடவை நடந்ததை வைத்து ஒருத்தர் பிழைப்பில் மண் போட மனசில்லை, அதோடு நான் சொல்லப்போகிற குறை எந்த ஊர் கிளினிக்கிலும் நடக்கக்கூடியதுதான்.

வீட்டில் முதலில் இரண்டு பூனை. மிளகி கறுப்பி, வயது ஆறு, யாரையும் மதிக்காது. அல்வா 2023 டிசம்பர் வெள்ளத்தில் கிடைத்தது. தாமிரபரணி ஊருக்குள் வந்து போன பிறகு சிந்துபூந்துறையில் ஒரு மாடிப்படிக்குக் கீழே சேறு அப்பிக் கிடந்த குட்டி, கழுவி எடுத்தால் நிறம் அப்படியே இருட்டுக்கடை வாசலில் இலையில் வாங்குகிற சூடான அல்வா, அதனால் அந்தப் பேர். மூன்றாவதாக இந்தப் பங்குனியில் தங்கச்சி மகன் அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு குட்டியை மஞ்சள் பையில் போட்டுக் கொண்டுவந்தான். "மாமா, ரெண்டு நாள் மட்டும் வச்சிக்கோங்க" என்றான். மருமகன்கள் சொல்லும் ரெண்டு நாள் எத்தனை நாள் என்று எல்லாருக்கும் தெரியும். குட்டிக்குப் பொடியன் என்று பேர் வைத்தாகிவிட்டது, லேசாகத் தும்மிக்கொண்டிருந்தது, நாங்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

எட்டு நாள் கழித்து அல்வா சாப்பாட்டுக்கு வரவில்லை. தட்டின் அருகே வந்து முகர்ந்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டது. மூக்கில் நீர், வலது கண் ஒட்டிக்கொண்டு திறக்கவில்லை, வாயிலிருந்து கோழை கம்பியாக இறங்குகிறது. தெருமுனை மருந்துக்கடைக்காரர் குழந்தைக்குக் கொடுக்கிற காய்ச்சல் சிரப் கொஞ்சம் கொடுங்கள் என்றார். நல்ல எண்ணத்தில் சொன்னதுதான், ஆனால் பாராசிட்டமால் பூனைக்கு விஷம், ஒரு மாத்திரையே பூனையைக் கொன்றுவிடலாம், பூனையின் கல்லீரலில் அதை முறிக்கிற சரக்கு போதாது. இதை எங்கேயோ படித்திருந்ததால் தப்பித்தோம். பூனை இரண்டு மூன்று நாள் முழுப் பட்டினி கிடந்தால் கல்லீரலில் கொழுப்பு ஏறிவிடும் என்பதும் தெரியும், அதனால் மறுநாள் காலையிலேயே கூடையில் அடைத்துத் தூக்கிக்கொண்டு போய்விட்டேன்.

டாக்டர் இளவயசுக்காரர், பொறுமையானவர். வாயைத் திறந்து டார்ச் அடித்துக் காட்டினார், நாக்கின் ஓரத்தில் பயறு அளவுக்குச் சிவந்த புண். "சார், பூனைக்கு வர்ற சளியில பெரும்பாலும் ரெண்டு வைரஸ்தான் ஆட்டம் போடும், ஹெர்ப்பிஸ், காலிசி. நாக்குப் புண்ணப் பாத்தா காலிசி மாதிரி இருக்கு, ஆனா கண்ணும் மோசமா இருக்கதால ஹெர்ப்பிஸ் இல்லன்னு சொல்ல முடியாது" என்றார். ஹெர்ப்பிஸ் என்றதும் பக்கத்தில் இருந்த என் மனைவி முகம் போன போக்கைப் பார்த்து, இது பூனைக்கே உரியது, மனுசனுக்கு ஒட்டாது என்றும் சொல்லிவிட்டார். காலிசியும் அப்படியே. இரண்டுமே புதுசு இல்லை, காலிசியை 1957-இல் நியூசிலாந்திலும் ஹெர்ப்பிஸை அதற்கு அடுத்த வருசம் அமெரிக்காவிலும் பிரித்தெடுத்து எழுதிவிட்டார்கள்.

முதலில் கிளினிக்கிலேயே ஒரு ரேப்பிட் கிட் போட்டார்கள், 900 ரூபாய். கொரோனா சமயத்தில் வீட்டில் போட்டுப் பார்த்தோமே, அதே மாதிரி வெள்ளை அட்டை, சொட்டு விட்டால் கால் மணி நேரத்தில் கோடு. இரண்டு வைரஸுக்கும் ஒரு கோடுதான் வந்தது, அதாவது இல்லை. நான் நிம்மதியாகிவிட்டேன், டாக்டர் ஆகவில்லை. இந்தக் கிட் வைரஸின் மேல்தோல் புரதத்தைத் தேடுகிறது, ஏராளமாக இருந்தால்தான் பிடிக்கும், கோடு வந்தால் நம்பலாம், வராவிட்டால் ஒன்றும் சொல்வதற்கில்லை என்றார். அப்புறம் எதுக்கு டாக்டர் இதைப் போட்டீங்க என்று கேட்க நாக்கு வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன். 900 ரூபாய்க்கு ஒரு வாரத்துக்குச் சாளையும் நெத்திலியும் வாங்கியிருப்பேன். ரேப்பிட் கிட்டுக்கு என் மார்க் ஐந்துக்கு ஒன்றரை.

அதற்குப் பிறகுதான் பி.சி.ஆர். பேச்சு வந்தது. சென்னையில் ஒரு தனியார் லேப், ஐந்து கிருமிக்கு ஒரே சோதனை: ஹெர்ப்பிஸ், காலிசி, கிளமிடியா, மைக்கோபிளாஸ்மா, போர்டடெல்லா. முதல் இரண்டும் வைரஸ், மற்ற மூன்றும் பாக்டீரியா. விலை 3,800. அந்த நேரத்தில் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி, ரிசல்ட் எப்படி வந்தாலும் நீங்கள் கொடுக்கப்போகிற மருந்து மாறுமா என்பது. கேட்காமலேயே தலையை ஆட்டிவிட்டேன். கண் ஒட்டிப் பசியோடு கிடக்கும் பூனையை மடியில் வைத்துக்கொண்டு யாருக்கு அந்த யோசனை வரும். ஆனாலும் டாக்டர் ஒரு நல்ல காரியம் செய்தார், ரிசல்ட் வரும்வரை காத்திருக்காமல் அன்றைக்கே வைத்தியத்தை ஆரம்பித்தார். டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக், கண் சொட்டு மருந்து, தோலுக்கடியில் சலைன், வலிக்கு ஒரு ஊசி. வைரஸைக் கொல்ல அல்ல, வைரஸ் போட்ட புண்ணில் பாக்டீரியா ஏறாமல் இருக்க, உடம்பு தாக்குப்பிடிக்க.

இதுவரை சரி. இனிமேல்தான் குறை.

டாக்டர் வேறொரு நாயைப் பார்க்கப் போய்விட்டார், மாதிரி எடுத்தது உதவியாளர் பையன். அதற்குள் கண்ணில் புண் இருக்கிறதா என்று பார்க்க ஆரஞ்சுச் சாயம் விட்டுவிட்டார்கள், நீல வெளிச்சத்தில் புண் பச்சையாக மினுங்கும். முதலில் மாதிரி எடுத்துவிட்டு அப்புறம்தான் சாயம் விட வேண்டும், சாயம் பி.சி.ஆரைக் குழப்பக்கூடும். இதைப் பிற்பாடு லேப்காரர்தான் சொன்னார். இரண்டாவது தப்பு, பையன் எடுத்த குச்சி. மரக்குச்சி, நுனியில் பஞ்சு, அதைக் கொண்டுபோய் கல்ச்சருக்கு, அதாவது பாக்டீரியாவை வளர்த்துப் பார்க்கிற சோதனைக்கு அனுப்புகிற, அடியில் களி மாதிரி கறுப்பாக இருக்கும் குழாய்க்குள் சொருகி மூடினான். பாக்டீரியாவை உயிரோடு கொண்டுபோகிற குழாய் அது. பி.சி.ஆருக்கு அந்தக் களியும் மரமும் தடை. வேண்டியது பிளாஸ்டிக் குச்சியில் பாலியெஸ்டர் நுனி, எடுத்ததும் வெறும் குழாயில் காய்ந்தபடியோ, வைரஸுக்கென்று இருக்கிற திரவத்திலோ போடுவது. கொரோனாவுக்கு நம் மூக்கில் விட்டார்களே, ஏறக்குறைய அதே சாமான்.

மூன்றாவது தப்பு நானும் சேர்ந்து செய்தது. அன்று வெள்ளிக்கிழமை. தெர்மாகோல் பெட்டியில் இரண்டு ஐஸ் பாக்கெட்டோடு சாயங்காலம் கூரியரில் போட்டேன், 450 ரூபாய். கூரியர் தம்பி கேட்டான், "உள்ள என்ன அண்ணாச்சி?" லேப் சாம்பிள் என்றேன். "ரத்தமா?" இல்லை, எச்சில். "யாருக்கு?" பூனைக்கு. ஒரு நிமிசம் என்னையே பார்த்துவிட்டு ரசீதில் 'மருந்து' என்று எழுதிக்கொண்டான். வீட்டுக்கு வந்தால் அத்தை வாசலிலேயே, "நல்லாருக்கு மாப்ள கூத்து, பூனைக்குச் சளி பிடிச்சா ரெண்டு நாள்ல தன்னால போயிரும், அதுக்குப் போயி எச்சிய டப்பாவுல அடச்சி மெட்ராசுக்கு அனுப்புவியளா?" என்று ஆரம்பித்துவிட்டார்கள்.

அறுநூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம், சனிக்கிழமை லேப் அரை நாள், ஞாயிறு விடுமுறை. திங்கட்கிழமை பெட்டியைத் திறந்தபோது ஐஸ் தண்ணீராகிவிட்டிருந்தது. பங்குனி வெயிலில் வேறென்ன ஆகும். காலிசி ஆர்.என்.ஏ. வைரஸ், அதாவது அதன் மரபணுச் சரக்கு ஆர்.என்.ஏ., அது சூட்டில் சீக்கிரம் உடைந்துபோகும், உடைந்ததைத் தேடினால் இருந்தும் இல்லை என்று வரும். தப்பான குழாய், உருகிய ஐஸ் இரண்டையும் பார்த்து லேப் மாதிரியைத் திருப்பிவிட்டது. இதில் லேப்பைக் குறை சொல்லமாட்டேன். காசை வாங்கிப் போட்டுக்கொண்டு ஓட்டிப் பார்த்து 'இல்லை' என்று ஒரு தாள் கொடுத்திருந்தால் எனக்கு என்ன தெரியப்போகிறது? வாங்காமல் திருப்பினார்களே, அது யோக்கியம். ஆனால் திங்கட்கிழமை தெரிந்ததை எங்களுக்குப் புதன்கிழமை சாயங்காலம்தான் சொன்னார்கள், அதுவும் நான் போன் செய்த பிறகு. அந்த இரண்டு நாளுக்கு ஒரு நட்சத்திரத்தை வெட்டுகிறேன்.

இரண்டாவது மாதிரியை டாக்டரே எடுத்தார். நான் துண்டில் சுற்றிப் பிடித்துக்கொண்டேன். தொண்டையின் பின்பக்கம் ஒரு குச்சி, கீழ் இமையை இழுத்து உள்பக்கத்தில் ஒரு குச்சி, கண்ணிலிருந்து வடிகிற பீளையை அல்ல, அதைத் துடைத்துவிட்டு இமைத் தோலையே சுரண்டின மாதிரி. வைரஸ் உயிரணுவுக்குள் இருப்பது, பீளையில் தேடினால் கிடைக்காமல் போகலாம் என்றார். காலிசிக்கு வாய்தான் நல்ல இடம், ஹெர்ப்பிஸுக்குக் கண்ணும் வாயும் இரண்டும். அல்வா என் கையில் போட்ட கீறல் இன்னும் ஆறவில்லை. இந்தத் தடவை வியாழக்கிழமை மதியம் கூரியர், நாலு ஐஸ் பாக்கெட், வெள்ளி காலை பெட்டி அங்கே சேர்ந்துவிட்டது. இன்னொரு 450. நீங்கள் கொடுப்பதாக இருந்தால் திங்கள், செவ்வாயில் எடுக்கச் சொல்லுங்கள், வியாழன்கூட விளிம்புதான்.

சரி, ரிசல்ட். பெட்டி போய்ச் சேர்ந்த நாலாவது வேலை நாளில் வாட்ஸ்அப்பில் ஒரு பக்கம் வந்தது. காலிசி கண்டறியப்பட்டது. மைக்கோபிளாஸ்மா கண்டறியப்பட்டது. மற்ற மூன்றும் கண்டறியப்படவில்லை. அவ்வளவுதான். கீழே ஒரு கையெழுத்து, ஒரு முத்திரை, 'மருத்துவ அறிகுறிகளோடு ஒப்பிடவும்' என்று ஒரு வரி. 3,800 ரூபாய்க்கு இது போதுமா? கொரோனா வந்த பிறகு சி.டி. எண் என்றால் என்னவென்று பெட்டிக்கடையில்கூடத் தெரியும். எத்தனையாவது சுற்றில் கிருமி தென்பட்டது என்பதுதான் அந்த எண், ஒவ்வொரு சுற்றிலும் இரட்டிப்பாவதால் எண் குறையக் குறைய சரக்கு அதிகம். அதை ஏன் போடவில்லை என்று கேட்டு இரண்டு தடவை போன் செய்த பிறகு சொன்னார்கள், காலிசி 21, மைக்கோபிளாஸ்மா 36. பதினைந்து சுற்று வித்தியாசம். ஏட்டுக்கணக்கில் 32,768 மடங்கு. இரண்டு வெவ்வேறு கிருமியின் எண்ணை இப்படி நேராக ஒப்பிடக்கூடாது, குச்சியில் எவ்வளவு ஒட்டியது என்பதைப் பொறுத்தும் மாறும் என்று டாக்டர் தடுத்தார், ஒத்துக்கொள்கிறேன், ஆனாலும் ஒன்று மேளம் அடிக்கிறது, இன்னொன்று மூலையில் முனகுகிறது என்பதாவது தெரிகிறதே. தாளில் இரண்டுக்கும் ஒரே வார்த்தை.

இதற்குள் அல்வா பாதி தேறிவிட்டிருந்தது என்பதுதான் வேடிக்கை. மூக்கு அடைத்திருந்ததால் வாசனை தெரியாமல்தான் சாப்பிடாமல் கிடந்தது, பூனைக்கு மூக்கு இல்லாவிட்டால் நாக்கும் இல்லை. குளியலறையில் வெந்நீரைத் திறந்துவிட்டு ஆவியில் பத்து நிமிசம் உட்காரவைத்து, மூக்கைத் துடைத்து, நெத்திலியை உப்பு, வெங்காயம், பூண்டு எதுவும் போடாமல் வேகவைத்து வெதுவெதுப்பாகப் பிசைந்து நீட்டினால் நாலாவது நாள் நக்க ஆரம்பித்தது. அத்தைதான் ஊட்டினார்கள், திட்டிக்கொண்டே. டாக்சிசைக்ளின் மாத்திரை கொடுக்கிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள், மாத்திரையை வாயில் போட்டு மூடிவிட்டால் போதாது, பின்னாலேயே சிரிஞ்சில் ஐந்து மில்லி தண்ணீராவது விட வேண்டும். பூனைக்கு மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிக்கொள்ளும், இந்த மருந்து ஒட்டின இடத்தைப் புண்ணாக்கிக் குழாயே சுருங்கிப்போகும்.

ஆக, அல்வாவின் வைத்தியத்துக்கு ரிசல்ட் ஒன்றும் புதுசாகச் சொல்லவில்லை. மைக்கோபிளாஸ்மாவுக்கான மருந்து முதல் நாளே ஆரம்பித்தாயிற்று, காலிசிக்கென்று மருந்துக்கடையில் தனி மருந்து கிடையாது. ஹெர்ப்பிஸாக இருந்திருந்தால் ஃபாம்சைக்ளோவிர் என்று ஒரு மாத்திரை உண்டு, விலை கையைக் கடிக்கும், நாளுக்கு இரண்டு மூன்று தடவை வாரக்கணக்கில் கொடுக்க வேண்டும், கண் ஆறாமல் இழுத்தால் அதை ஆரம்பிக்கலாம் என்று டாக்டர் யோசித்திருந்தார். அந்த யோசனை கைவிடப்பட்டது. இது ஒரு லாபம். (எல்-லைசின் பொடி வாங்கிக் கலந்து கொடுங்கள் என்று ஆளாளுக்குச் சொல்வார்கள், அதனால் பலன் இல்லை என்று ஆராய்ச்சிகள் சொல்லி வருசங்கள் ஆயிற்று, கேட்காதீர்கள்.) ஆனால் ஹெர்ப்பிஸ் இல்லை என்று தாள் சொன்னதற்கு, இன்றைக்கு அந்தக் குச்சியில் இல்லை என்றுதான் அர்த்தம். அந்த வைரஸ் ஒரு தடவை வந்துவிட்டால் முகத்து நரம்பு முடிச்சுக்குள் போய் ஆயுசுக்கும் ஒளிந்துகொள்ளும். வீடு மாறுவது, புதுப் பூனை வருவது, குட்டி போடுவது என்று ஏதாவது மிரட்சி வந்தால் ஒரு வாரம் கழித்து மறுபடி வெளியே வரும். ஒளிந்திருக்கும்போது எடுத்தால் எந்த பி.சி.ஆரும் பிடிக்காது.

பெரிய லாபம் வீட்டில்தான். காலிசி என்று தெரிந்த பிறகுதான் நாங்கள் சுத்தம் செய்துகொண்டிருந்த முறையே தப்பு என்று புரிந்தது. நான் ஒவ்வொரு தடவை அல்வாவைத் தொட்ட பிறகும் சானிடைசர் போட்டுக் கையைத் தேய்த்துவிட்டு மிளகியிடம் போய்க்கொண்டிருந்தேன். ஹெர்ப்பிஸ் வைரஸுக்கு மேலே கொழுப்பு உறை உண்டு, அது சானிடைசருக்கும் சோப்புக்கும் செத்துவிடும், வெளியே ஒரு நாள் தாங்குவதே பெரிது. காலிசிக்கு உறை கிடையாது. தரையில், கிண்ணத்தில், என் கைலியில் ஒரு மாதம் வரைகூட உயிரோடு இருக்கும், சானிடைசரைச் சட்டை செய்யாது. வீட்டு பிளீச் ஒரு பங்குக்கு 32 பங்கு தண்ணீர் கலந்து துடைத்து பத்து நிமிசம் விட வேண்டும், கைக்கு சோப்பு போட்டு நன்றாகக் கழுவ வேண்டும். அப்புறம் ஃபினாயில். நம் ஊரில் வீடு துடைப்பது என்றாலே ஃபினாயில்தான், எங்கள் அத்தைக்கு அந்த வாசனை இல்லாவிட்டால் வீடு துடைத்த மாதிரியே இருக்காது. ஃபீனால் கலந்த அந்தச் சரக்கு பூனைக்கு விஷம், துடைத்த தரையில் நடந்து பாதத்தை நக்கினால் போதும். பதினைந்து வருசமாகப் பூனை வளர்க்கிறேன், 5,600 ரூபாய் செலவழித்த பிறகுதான் பாட்டிலின் பின்பக்கத்தைப் படித்தேன். பிளீச்சையும் ஃபினாயிலையும், கழிவறை ஆசிட்டையும் ஒரே வாளியில் ஊற்றிவிடாதீர்கள், பூனைக்கு முன்னால் நாம் மூச்சடைத்து விழுவோம்.

அடுத்த ஆசை, மிளகிக்கும் பொடியனுக்கும் சேர்த்துச் சோதனை எடுத்துவிடுவது. கொண்டுவந்தது யார் என்று வீட்டில் ஒரு வழக்கே நடந்துகொண்டிருந்தது. என் மனைவி கட்சி, என் தங்கச்சி மகன் கொண்டுவந்த குட்டிதான் காரணம். நான் வாயைத் திறக்கவில்லை. டாக்டரிடம் கேட்டால் சிரித்தார். இந்தச் சோதனை கிருமி இருக்கிறதா என்றுதான் சொல்லும், யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்று சொல்லாது. காலிசி வந்து குணமான பூனைகளில் ஏறத்தாழப் பாதி இரண்டரை மாதம் கழித்தும் எச்சிலில் வைரஸைக் கக்கிக்கொண்டிருக்கும், சிலது ஆயுசு முழுக்க, பார்த்தால் கல்லு மாதிரி இருக்கும். வெள்ளத்தில் வந்த அல்வாவிடமே அன்றைக்கிலிருந்து இருந்திருக்கலாம். மிளகி கொடுத்திருக்கலாம். ஆரோக்கியமான பூனைக்கு எடுத்து 'கண்டறியப்பட்டது' என்று வந்தால் என்ன செய்யப்போகிறீர்கள், வீட்டைவிட்டு அனுப்பவா என்றார். அதிலும் பொடியனுக்கு முந்தின வாரம்தான் தடுப்பூசி போட்டிருந்தோம். உயிருள்ள, வலுக்குறைத்த வைரஸை வைத்துச் செய்த ஊசி அது, ஊசியிலிருந்த வைரஸையே பி.சி.ஆர். பிடித்துக்கொண்டு ஆமாம் என்று சொல்லிவிடும் வாய்ப்பு உண்டு. 7,600 ரூபாய் மிச்சம். சோதனையே விற்கிற இடத்தில் சோதனை வேண்டாம் என்று சொன்ன டாக்டருக்கு முழு மார்க்.

ஊரில் இன்னொரு இடத்தில் ரத்தம் எடுத்து எதிர்ப்புப் புரதம் பார்த்துச் சொல்கிறோம் என்றார்கள். வேண்டாம். தடுப்பூசி போட்ட பூனைக்கும் அது இருக்கும், எப்போதோ வந்துபோன பூனைக்கும் இருக்கும், இன்றைய சளிக்கு அதிலிருந்து எதையும் தெரிந்துகொள்ள முடியாது. தடுப்பூசி பற்றியும் ஒரு வார்த்தை: அல்வாவுக்குப் போட்டிருந்தும் வந்ததே என்று எனக்கும் கோபம்தான். இந்த இரண்டு வைரஸுக்கும் ஊசி நோயின் கடுமையைக் குறைக்கும், தொற்றே வராமல் தடுக்காது, காலிசியில் ரகம் ஏராளம், மாறிக்கொண்டே இருக்கும். போடாத பூனையாக இருந்திருந்தால் நெத்திலி வரைக்கும் வந்திருக்குமோ என்னவோ.

இந்த ஐந்து கிருமிப் பட்டியலில் இல்லாத ஒன்றும் உண்டு, பறவைக் காய்ச்சல். கேரளத்தில் அது வந்தால் புளியரை சோதனைச் சாவடியில் வண்டிகளுக்கு மருந்தடிப்பதைப் பார்த்திருப்பீர்கள், கோழிக்குத்தானே என்று நினைத்திருப்போம். 2023-இல் போலந்திலும், 2024-இல் அமெரிக்க மாட்டுப் பண்ணைகளில் காய்ச்சாத பாலைக் குடித்தும் பூனைகள் அதனால் செத்திருக்கின்றன. கோழிக்கடைக் கழிவைப் பச்சையாகப் போடுகிற பழக்கம் மேலப்பாளையம் தொடங்கி எங்கள் தெரு வரைக்கும் உண்டு, வேகவைத்துப் போடுங்கள். காக்காயோ கோழியோ கொத்தாகச் செத்துக்கிடந்து அதோடு பூனையும் மூச்சிரைத்து, கால் இழுத்து விழுந்தால் கூரியர், தனியார் லேப் என்று அலையாமல் கால்நடை பராமரிப்புத் துறைக்குச் சொல்ல வேண்டும், அந்த மாதிரிகள் போகிற இடம் போபாலில் இருக்கும் உயர்பாதுகாப்பு விலங்கு நோய் நிறுவனம்.

இதையெல்லாம் படித்துவிட்டு, எடுக்கலாமா வேண்டாமா என்று கேட்டால்: ஒற்றைப் பூனை, வழக்கமான சளி, சாப்பிடுகிறது என்றால் வேண்டாம், அந்தக் காசுக்கு மருந்தும் மீனும் வாங்குங்கள். வீட்டில் நாலைந்து பூனை, ஒவ்வொன்றாக விழுகிறது, அல்லது ஒரே பூனைக்குக் கண் நோய் திரும்பத் திரும்ப வருகிறது, அல்லது தெருப்பூனைகளை எடுத்து வைத்து ஆள் தேடிக் கொடுக்கிறவர் என்றால் எடுக்கலாம். ராமையன்பட்டியில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, தனியாருக்குப் போகுமுன் அங்கே ஒரு எட்டு போய்க் கேளுங்கள், நான் அவசரத்தில் கேட்கவில்லை. எங்கே கொடுத்தாலும் குச்சி என்ன குச்சி, குழாய் என்ன குழாய் என்று வெட்கப்படாமல் கேளுங்கள், ஆர்.என்.ஏ. வைரஸுக்கும் சேர்த்துப் பார்க்கிற ஆர்.டி. பி.சி.ஆர். தானா, சி.டி. எண் தாளில் வருமா என்றும் காசு கட்டுவதற்கு முன்னால் கேளுங்கள்.

லேப்புக்கு ஐந்துக்கு மூன்று. கிளினிக்குக்கு டாக்டரை வைத்துப் பார்த்தால் நாலரை, மாதிரி எடுத்த லட்சணத்தை வைத்துப் பார்த்தால் இரண்டு, மூன்றரை என்று வைத்துக்கொள்வோம். முதல் தடவை வீணான கூரியர் காசு 450-ஐ அடுத்த பில்லில் கழித்துத் தருவதாகச் சொன்னார்கள். பொடியனின் இரண்டாவது ஊசிக்குப் போனபோது கழிக்கவில்லை, பையன் என்னைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டான். கழித்தால் அரை நட்சத்திரம் கூட்டி இங்கேயே எழுதுகிறேன்.